கடைசிச் சொல்லையும் படி

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய கட்டுரையை நிதானமாக உட்கார்ந்து படித்தேன். நடை நன்றாக இருக்கிறது, தகவலுக்கும் பஞ்சமில்லை, நூலகத்தில் பழியாகக் கிடந்திருக்கிறாய் என்பதும் தெரிகிறது. ஆனால் மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்டிருந்தாயே, அதற்கான பதில் கேள்வியிலேயே இருக்கிறது. "பள்ளிகள் காலையில் தொடங்கும் நேரத்தைத் தள்ளிவைக்க வேண்டுமா? விவாதிக்க" என்று கேட்டிருக்கிறார்கள். நீ பள்ளி நேரத்தைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதியிருக்கிறாய். சரி, வேண்டுமா வேண்டாமா, நீ என்னதான் சொல்கிறாய் என்று பக்கம் பக்கமாகத் தேடினேன், கடைசிப் பத்தியில் "இரு தரப்பிலும் நியாயம் உண்டு" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டாய்.

விடைத்தாள் திருத்திய காலம் முழுக்க நான் பார்த்தது இதைத்தான். பிள்ளைகள் தலைப்பைப் படிப்பார்கள், தெரிந்த தலைப்பு என்றதும் சந்தோஷத்தில் கடைசிச் சொல்லை விட்டுவிடுவார்கள். எந்த வகைக் கட்டுரை என்பதை முடிவு செய்வதே அந்தக் கடைசிச் சொல்தான். விளக்குக என்றால் புரிய வை, உன் கட்சி எது என்று யாரும் கேட்கவில்லை. ஒப்பிடுக என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலால் அள. மதிப்பிடுக என்றால் எவ்வளவு தூரம் சரி, எங்கே சரியில்லை என்று தீர்ப்புச் சொல். விவாதிக்க என்றால் ஒரு பக்கம் நில், எதிர்ப் பக்கத்தையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு நில்.

உன் தலைப்பையே வைத்துப் பார். அதிகாலை வகுப்பில் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை, மேசையில் சரியும் தலையை, மூடி திறக்காத பேனாவை வாசகர் கண்ணால் பார்க்கும்படி எழுதினால் அது வருணனைக் கட்டுரை. அப்படி ஒரு வகுப்பில் நீ தூங்கி விழுந்து மாட்டிக்கொண்ட நாளை முதலிலிருந்து கடைசி வரை சொன்னால் கதை சொல்லும் கட்டுரை, அதில் நேர வரிசை கெடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. பருவ வயதில் தூக்கம் ஏன் தள்ளிப்போகிறது என்று சொன்னால் விளக்கக் கட்டுரை. நேரத்தை மாற்றிய ஊரையும் மாற்றாத ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு. தூங்கி விழுந்த அந்தப் பையன் இன்று திரும்பிப் பார்த்தால் என்ன நினைக்கிறான் என்று போனால் அது சிந்தனைக் கட்டுரை, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பார்களே, அது பெரும்பாலும் இந்த ரகம்தான். இவையெல்லாம் தனித்தனிப் பெட்டிகள் இல்லை. விவாதக் கட்டுரைக்குள் ஒரு பத்தி விளக்கம் வரலாம், இரண்டு வரி வருணனைகூட வரலாம். கட்டுரை மொத்தமும் எந்த வேலையைச் செய்கிறது என்பதுதான் கேள்வி. நீ விவாதத்துக்கு விளக்கத்தைக் கொடுத்திருக்கிறாய், அவ்வளவுதான் நடந்தது.

இனி விவாதக் கட்டுரையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன், உன் படிப்பில் இனிமேல் வரப்போவது பெரும்பாலும் அதுதான்.

முதலில் உன் நிலைப்பாடு ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். அதைப் படித்த ஒருவர் "இல்லை, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்" என்று சொல்ல இடம் இருக்க வேண்டும். "பள்ளி நேரம் ஒரு முக்கியமான பிரச்சினை" என்பதை யார் மறுக்கப் போகிறார்கள்? அதை வைத்துக்கொண்டு ஒரு பத்திகூட வாதாட முடியாது. "உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன்னால் தொடங்கக் கூடாது, அதற்காகப் பேருந்து நேரங்களை மாற்றும் செலவு வந்தாலும் சரி" என்று எழுது. இப்போது சண்டை போட ஆள் வரும். அந்த "செலவு வந்தாலும் சரி" என்பது முக்கியம், எதைக் கொடுத்து எதை வாங்குகிறாய் என்று உனக்குத் தெரியும் என்பதை அது முதலிலேயே காட்டிவிடுகிறது.

அடுத்தது சான்று. நீ நல்ல சான்றுகளைத்தான் பொறுக்கியிருக்கிறாய். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-ல் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் 8.30-க்கோ அதற்குப் பிறகோ தொடங்கட்டும் என்று பரிந்துரைத்தது. கலிபோர்னியா 2019-ல் சட்டமே கொண்டுவந்தது, 2022 ஜூலையில் நடைமுறைக்கும் வந்துவிட்டது, உயர்நிலைப் பள்ளிக்கு 8.30, நடுநிலைப் பள்ளிக்கு 8 மணி. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறாய். எல்லாம் சரிதான். ஆனால் இவற்றை வரிசையாகக் கொட்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டாய்.

ஸ்டீபன் டூல்மின் என்ற தத்துவ அறிஞர் 1958-ல் வாதத்தைப் பிரித்துக் காட்டினார். கூற்று ஒன்று, சான்று ஒன்று, இந்தச் சான்றிலிருந்து அந்தக் கூற்றுக்கு எப்படிப் போனாய் என்று சொல்லும் இணைப்பு மூன்றாவது. மாணவர்கள் விட்டுவிடுவது எப்போதும் அந்த மூன்றாவதைத்தான், ஏனென்றால் எழுதுகிறவருக்கு அது சொல்லாமலே புரிகிறது. 8 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதிலிருந்து பள்ளியைத் தள்ளிவை என்று எப்படி வந்தாய்? சீக்கிரம் படுத்துத் தொலையச் சொல் என்று ஒருவர் கேட்டால்? அங்கேதான் நீ மூன்றாம் பக்கத்தில் அநாதையாக விட்டுவைத்த அந்த மெலடோனின் விஷயம் வர வேண்டும். பருவ வயதில் தூக்கத்துக்கான அந்தச் சுரப்பு இரவில் பிந்தித்தான் தொடங்குகிறது, அதனால் சீக்கிரம் படுத்தாலும் பல பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது. படுக்கும் நேரத்தை நம் இஷ்டத்துக்கு முன்னால் இழுக்க முடியாது என்றால், மிச்சம் இருக்கிற வழி எழும் நேரத்தைத் தள்ளுவதுதான். பார், அதே தகவல்தான், ஆனால் இப்போது அது வேலை செய்கிறது. உன் பத்தி ஒவ்வொன்றையும் இப்படிக் கேள்வி கேட்டுப் பார்: இந்தத் தகவல் என் நிலைப்பாட்டுக்கு என்ன செய்கிறது? ஒன்றும் செய்யவில்லை என்றால், தேடி எடுக்க எவ்வளவு கஷ்டப்பட்டிருந்தாலும் தூக்கிவிடு. வலிக்கும்தான்.

எதிர்வாதத்தை நீ ஒரே வரியில் முடித்ததில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. "சிலர் இதை எதிர்க்கிறார்கள்" என்றால் என்ன அர்த்தம், யார் அந்தச் சிலர், எதற்காக எதிர்க்கிறார்கள்? அவர்களுடைய வாதத்தை அவர்களே சொல்வதைவிட நன்றாக நீ சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பல இடங்களில் ஒரே பேருந்துதான் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு நடை, பெரிய பிள்ளைகளுக்கு ஒரு நடை என்று மாறி மாறி ஓடுகிறது. பெரியவர்களின் நேரத்தைத் தள்ளினால் ஒன்று சின்னவர்கள் இருட்டில் கிளம்ப வேண்டும், இல்லையென்றால் கூடுதல் பேருந்தும் ஓட்டுநரும் வேண்டும். மாலை விளையாட்டுப் பயிற்சி, வேலைக்குப் போகும் பெற்றோரின் நேரம், இதெல்லாம் வேறு. புளோரிடா 2023-ல் இதே மாதிரிச் சட்டம் போட்டது, 2025-ல் அதைத் தளர்த்திவிட்டது. இது உன் நிலைப்பாட்டுக்கு எதிரான சான்று, அதனால்தான் நீ விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன். விடாதே. எடுத்துப் போட்டு, அங்கே இடித்தது நடைமுறையும் செலவும்தான், தூக்கத்தைப் பற்றிய அறிவியல் பொய்யாகிவிடவில்லை என்று பதில் சொல். பதில் சொல்ல முடியாத இடம் ஒன்று வந்தால் நிலைப்பாட்டையே கொஞ்சம் சுருக்கிக்கொள், நடுநிலைப் பள்ளியை விட்டுவிட்டு உயர்நிலைப் பள்ளிக்கு மட்டும் என்று. அதைத் தோல்வி என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், திருத்துகிற எங்களுக்கு அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

முன்னுரையைக் கடைசியில் எழுது. "மனித வாழ்வில் கல்வி மிக இன்றியமையாதது" என்று தொடங்கும் முன்னுரை எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும், அதனால் உன் கட்டுரைக்குப் பொருந்தாது. முழுதும் எழுதி முடித்தபிறகு என்ன சொல்லியிருக்கிறோம் என்று தெரியும், அப்போது எழுதினால் நாலு வரியில் முடிந்துவிடும். முடிவுரையும் அப்படித்தான், முன்னால் சொன்னதையே வேறு சொல்லில் திருப்பிச் சொல்லாதே, உன் நிலைப்பாடு உண்மையென்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல். முன்னுரை, மூன்று பத்தி, முடிவுரை என்று ஐந்து பத்திக் கணக்கு ஒன்று சொல்லித் தருகிறார்களே, அது பழகுவதற்கு நல்லது, தேர்வறையில் நேரம் நெருக்கும்போதும் கை கொடுக்கும். ஆனால் உனக்கு இரண்டு காரணம்தான் இருக்கிறது என்றால் மூன்றாவதை இட்டுக்கட்டாதே.

திருத்தி எழுதுவது உனக்குச் சலிப்பு என்று தெரியும். ஆங்கில எழுத்தாளர் பிரான்சிஸ் பேகன் 1597-ல் கட்டுரைகளை வெளியிட்டபோது பத்தே பத்துதான். 1625-ல் வந்த பதிப்பில் 58. எண்ணிக்கை மட்டும் கூடவில்லை, பழையவற்றையும் எடுத்து மாற்றி வளர்த்திருக்கிறார். அவருக்கு முன்னாலேயே 1580-ல் கட்டுரை என்ற இந்த வடிவத்தைத் தொடங்கிவைத்த பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தேயின், அச்சான தன் புத்தகத்தின் ஓரங்களில் சாகும்வரை எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். உன்னை அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. ஒரு ராத்திரி கிடப்பில் போட்டுவிட்டு, மறுநாள் வாய்விட்டுப் படித்துப் பார், மூச்சு முட்டுகிற வாக்கியமும் நீயே நம்பாத வாக்கியமும் காதில் இடிக்கும்.

அப்புறம், கட்டுரை எழுத ஏஐ (செயற்கை நுண்ணறிவு) உதவியை எடுக்கலாமா என்கிற அந்த விஷயம். உன் பல்கலைக்கழக விதி என்ன சொல்கிறதோ அதன்படி நட, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் அது தரும் ஆதாரப் பட்டியலை அப்படியே ஒட்டாதே, இல்லாத கட்டுரையை இருப்பதுபோல் தலைப்போடும் ஆண்டோடும் சொல்லும். நீ திறந்து படிக்காத எதையும் மேற்கோள் காட்டாதே. இன்னொருவர் கருத்தை உன் சொல்லில் எழுதினாலும் கருத்து அவருடையதுதான், யாருடையது என்று குறிப்பிட்டே ஆக வேண்டும், நான்காம் பக்கத்தில் இரண்டு இடத்தில் அது விட்டுப்போயிருக்கிறது, பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

மறுபடி எழுதிக் கொடுக்க அனுமதி உண்டு என்று சொன்னாயே, முழுக் கட்டுரையையும் இப்போதே எழுத உட்காராதே. நிலைப்பாட்டு வாக்கியம் ஒன்று, பத்திக்கு ஒரு வரி, எதிர்வாதமும் அதற்கு உன் பதிலும், இவ்வளவை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. நான் திருத்தித் தர மாட்டேன், ஓரத்தில் கேள்வி மட்டும்தான் எழுதுவேன், பதில் நீதான் தேட வேண்டும். நேரத்துக்குத் தூங்குடா.

அன்புடன்,
அம்மா