மயாமி மருத்துவர்கள் சொன்னது தப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பகுதியில் அமெரிக்கக் கால்பந்து வீரர் ட்ரூ ப்ரீஸ் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 2006இல் தோளில் அறுவைசிகிச்சை செய்துகொண்டிருந்த அந்தக் குவார்ட்டர்பேக்கை (பந்தெறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) மயாமி டால்ஃபின்ஸ் அணி வேண்டாமென்று விட்டது, நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் எடுத்துக்கொண்டது, நாலு வருடத்தில் சாம்பியனுக்குரிய சூப்பர் பவுல் கோப்பையே வந்து சேர்ந்தது. எல்லாம் சரி. ஆனால் அந்தத் தோள் தேறுவது கடினம் என்று சொன்ன மயாமி மருத்துவர்கள் ஏதோ கண்ணை மூடிக்கொண்டு பரிசோதித்தவர்கள் போலக் கட்டுரையாளர் எழுதியிருப்பதுதான் உறுத்துகிறது. நான் பிசியோதெரபிஸ்ட். தூக்க முடியாத தோளோடு வருகிறவர்களைப் பார்ப்பதே என் பிழைப்பு.

அந்தக் காயம் லேசுப்பட்டதல்ல. 2005 டிசம்பர் 31, ப்ரீஸ் அப்போது ஆடிய சான் டியேகோ அணிக்குச் சொந்த ஊரில் சீசனின் கடைசி ஆட்டம், எதிரணி டென்வர். டென்வர் வீரர் மோதியதில் ப்ரீஸின் கையிலிருந்து பந்து நழுவியது. தரையில் கிடந்ததை எடுக்கப் பாய்ந்தவர் மீது இன்னொரு டென்வர் வீரர் வந்து மோதினார். அடிபட்டது பந்தெறிகிற வலது தோள். தோள்மூட்டு கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி. குழி ஆழமே கிடையாது. விளிம்பைச் சுற்றி ஓடும் லேப்ரம் என்கிற வளையம்தான் எலும்பு வெளியே நழுவாமல் பிடித்துவைக்கிறது. ப்ரீஸுக்கு மூட்டும் நழுவி, அந்த வளையமும் சுற்றிலும் கிழிந்திருந்தது. போதாக்குறைக்கு, தோளைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரொட்டேட்டர் கஃப் தசைநாணிலும் கிழிசல். ஜனவரி 5 அன்று அலபாமாவின் பர்மிங்ஹாமில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் அறுவைசிகிச்சை செய்தார். வளையத்தை எலும்போடு சேர்த்துத் தைக்க வழக்கமாக மூன்று நான்கு ஆங்கர் (எலும்பில் பதிக்கும் சிறு பிடிமானம்) போதும். இவருக்குப் பத்துக்கு மேல் தேவைப்பட்டது.

செயின்ட்ஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது மார்ச் 14. அறுவைசிகிச்சை முடிந்து பத்து வாரம்கூட ஆகவில்லை. அந்தக் கட்டத்தில் கை தலைக்கு மேலே போனாலே நாங்கள் சந்தோஷப்படுவோம்; முழு வேகத்தில் பந்தெறிவதெல்லாம் மாதக்கணக்கில் தள்ளி இருக்கும். ஆக, அவர் எறிவதைப் பார்த்து யாரும் முடிவெடுத்திருக்க முடியாது. தேறி வர 25 சதவீத வாய்ப்புதான் என்று மயாமி மருத்துவர்கள் கணித்ததாகப் பின்னாளில் செய்தி வந்தது. நாலு பேரில் ஒருவர் தேறுவார் என்று சொல்லி, அந்த ஒருவராக ப்ரீஸ் வந்துவிட்டால் கணிப்பு எப்படித் தப்பாகும்? நூறு பேரை வைத்துப் பார்க்க வேண்டிய பரிசோதனையில் நமக்குத் தெரிந்தது ஒரே ஒருவரின் முடிவு.

மயாமியைக் குறை சொல்ல வேண்டுமென்றால் வேறு இடத்தில் சொல்லலாம். தோளுக்குப் பயந்தவர்கள் முழங்காலை நம்பினார்கள். மின்னசோட்டா அணிக்கு, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் தங்களுக்கிருந்த இரண்டாம் சுற்று உரிமையைக் கொடுத்து, அவர்களுடைய குவார்ட்டர்பேக் டான்டே கல்பெப்பரைக் கொண்டுவந்தார்கள். முந்தைய அக்டோபரில்தான் அவருக்கு ஒரே முழங்காலில் மூன்று தசைநார்கள் அறுந்திருந்தன. 2004இல் 39 டச்டவுன் (கோல் மாதிரி, புள்ளி கிடைக்கிற எறிதல்) எறிந்தவர், நல்ல ஆகிருதி, காகிதத்தில் ப்ரீஸைவிட ஒரு படி மேல். ஆனால் ஓடியும் ஆடுகிறவருக்கு முழங்கால் போனால் பாதி ஆட்டம் போச்சு. 2006இல் மயாமிக்காக அவர் ஆடியது நான்கே ஆட்டங்கள். மயாமி பயிற்சியாளர் நிக் சேபன் அந்த சீசன் முடிந்த கையோடு அலபாமா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

கட்டுரையில் வராத இன்னொரு விஷயம், யாருக்கு எவ்வளவு இழப்பதற்கு இருந்தது என்பது. மயாமி 2005இல் 9 வெற்றி, 7 தோல்வி. ஒரு நல்ல குவார்ட்டர்பேக் உடனே கிடைத்தால் மேலே போகலாம் என்று நினைக்கிற அணி. செயின்ட்ஸின் கதையே வேறு. 2005 கத்ரீனா புயலில் அவர்கள் மைதானமான சூப்பர்டோம் சேதமாகி, சொந்த ஊரில் ஆட முடியாமல் சான் அன்டோனியோவிலும் பேட்டன் ரூஜிலும் ஆடி, 3 வெற்றியோடு முடித்தவர்கள். புதுப் பயிற்சியாளர் ஷான் பேட்டனுக்கே ஊர் புதிது. ப்ரீஸையும் மனைவியையும் காரில் சுற்றிக் காட்டப் போனவர் வழி தவறிவிட்டார்! அப்படிப்பட்ட ஊருக்கு வர முழு உடல்தகுதியோடு இருக்கும் பெரிய வீரர் எவர் வரிசையில் நின்றார்? 25 சதவீதம் மயாமிக்குக் குறைவு, செயின்ட்ஸுக்கு அதுவே பெரிது.

அப்புறம் பணம். 'ஆறு வருடம், 6 கோடி டாலர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஆனால் இரண்டாம் வருடம் பெரிய தொகையைக் கொடுத்துத் தொடர்வதா என்ற முடிவு அணியின் கையில்தான் இருந்தது. தோள் தேறாவிட்டால் ஒரு வருடச் சம்பளத்தோடு கழன்றுகொள்ள வழி வைத்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். நம்பிக்கை இருந்தது, கூடவே கணக்கும் இருந்தது. பழைய அணியான சான் டியேகோ தர முன்வந்த ஒப்பந்தத்தில் உறுதியான தொகை குறைவு. இரண்டு வருடமாக வெளியே உட்கார்ந்திருந்த இன்னொரு குவார்ட்டர்பேக் பிலிப் ரிவர்ஸ் அவர்களிடம் தயாராக இருந்தார். ப்ரீஸை விட்ட அதே வருடம் அந்த அணி 14 ஆட்டங்களில் ஜெயித்தது. அவர்களையும் ஏமாளிகள் என்று சொல்லிவிடுவோமா?

ஒரு வேண்டுகோள். இதேபோல் மயாமி துணிந்த கதையும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதுங்கள். ஏற்கெனவே இரண்டு முறை தோளில் அறுவைசிகிச்சை செய்துகொண்டிருந்த குவார்ட்டர்பேக் சாட் பென்னிங்டனை 2008 ஆகஸ்டில் அவர்கள் எடுத்தார்கள். முந்தைய வருடம் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்த அணி, அந்த வருடம் 11 ஜெயித்தது. அடுத்த சீசனின் மூன்றாவது ஆட்டத்தில், அதுவும் சான் டியேகோவில், அதே தோள் மறுபடியும் போனது. 2010 பிப்ரவரியில் ப்ரீஸ் சூப்பர் பவுல் ஜெயித்தபோது, அது நடந்த மயாமி மைதானத்தின் சொந்த அணி வீரரான பென்னிங்டன் மூன்றாவது அறுவைசிகிச்சையிலிருந்து தேறிக்கொண்டிருந்தார்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்,
திருச்சி.