தயாரிப்பை மறுத்துவிடாதே

கோலாலம்பூர்

அன்புள்ள மல்லிகாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அவருடைய முழங்கால் வலி முன்பைவிடப் பரவாயில்லை. பெரியவன் ஜொகூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மற்றவற்றைத் தீபாவளிக்கு நேரில் பேசிக்கொள்ளலாம். அவசரமாக எழுதுவதற்குக் காரணம் சரோஜா அக்கா. ஒரு தொலைக்காட்சித் தொடரை எழுதித் தயாரிக்கும் வாய்ப்பு உனக்கு வந்திருப்பதையும், எழுதித் தருகிறேன், தயாரிப்பு மட்டும் வேண்டாம் என்று நீ பதில் சொல்லப்போவதையும் அவர்தான் தொலைபேசியில் சொன்னார். ஈப்போ ரயில் விவகாரத்தைப் போலவே இதையும் ஊரெல்லாம் அறிந்தபின் எனக்குத் தெரியவைத்திருக்கிறாய். அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம். நீ பதில் அனுப்புவதற்குள் இந்தக் கடிதம் பினாங்கு வந்து சேர வேண்டும் என்பதுதான் இப்போது என் கவலை.

நாம் இருவரும் விடாமல் பார்த்த கிரேஸ் அனாட்டமி என்ற அமெரிக்க மருத்துவமனைத் தொடரை எழுதிய ஷோண்டா ரைம்ஸைப் பற்றி இந்த மாதம் முழுவதும் படித்துக்கொண்டிருந்தேன். 1970-இல் சிகாகோவில் பிறந்தவர், ஆறு பிள்ளைகளில் கடைசி. சிறுமியாக இருந்தபோது வீட்டின் சாமான் அறைக்குள் உட்கார்ந்து, காய்கறி டின்களையே கதாபாத்திரங்களாக்கிக் கதை நடத்துவாராம். டார்ட்மவுத் கல்லூரியிலும், பிறகு தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைக்கதையும் படித்தவருக்கு உடனே வாழ்வு வந்துவிடவில்லை. மனநோயுள்ள வீடற்றவர்களுக்கு வேலை தேடித்தரும் ஓர் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறார். 2002-இல் ஒரு குழந்தையைத் தத்தெடுத்து வீட்டில் இருந்த நாட்களில்தான் தொலைக்காட்சியை நிறையப் பார்த்து, பாத்திரங்களை நிதானமாக வளர்த்தெடுக்கச் சினிமாவைவிட அங்கேதான் இடம் அதிகம் என்று கண்டுகொண்டார். போர்முனைக்குச் செல்லும் பெண் செய்தியாளர்களைப் பற்றி முதலில் எழுதிய தொடரை அலைவரிசை எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து எழுதிய கிரேஸ் அனாட்டமி 2005 மார்ச் 27-ஆம் தேதி ஒளிபரப்பாகத் தொடங்கி, 2022-இல் 400 அத்தியாயங்களைத் தொட்டது.

நான் சொல்ல வந்தது அந்த எண்ணிக்கையை அல்ல. அந்தத் தொடரின் முதல் திரைக்கதையில் எந்தப் பாத்திரத்தின் இனத்தையும் அவர் குறிப்பிடவில்லை. யார் நன்றாக நடிக்கிறாரோ அவருக்கே வேடம் என்று வைத்தார். டாக்டர் பெய்லியைப் பொன்னிறச் சுருள்முடியுள்ள குள்ளமான பெண்ணாகத்தான் அவர் முதலில் மனத்தில் கண்டிருந்தார். கறுப்பின நடிகை சாண்ட்ரா வில்சன் வந்து நடித்துக் காட்டியதும் அந்தப் பாத்திரம் அவருடையதாகிவிட்டது. பிறகு ரைம்ஸ் உருவாக்கி 2012-இல் வந்த ஸ்கேண்டல் தொடரில் கெர்ரி வாஷிங்டன் நாயகியானபோது, அமெரிக்காவின் பெரிய அலைவரிசைகளில் ஒரு கறுப்பினப் பெண் நாடகத் தொடரின் நாயகியாக வந்து ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. நல்ல எழுத்து மட்டும் இதைச் செய்திருக்குமா? நடிகர் தேர்வு, கதையின் போக்கு, படத்தொகுப்பு, இசை எல்லாவற்றிலும் கடைசி வார்த்தை எழுதியவருடையதாக இருந்ததால் நடந்தது. அங்கே தலைமை எழுத்தாளரே தயாரிப்பாளராகவும் அமர்கிறார். இயக்குநர்கள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறுகிறார்கள், கதையைக் காப்பவர் மாறுவதில்லை.

நம் நிலையை நினைத்துப் பார். உன் தோட்டத்துக் கதைக்கு என்ன நடந்தது? நாயகி கறுத்த, உயரமான பெண் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தாய். திரையில் வந்தவளுக்கு அந்த இரண்டுமே இல்லை. மகன் வீட்டை விட்டுப் போன இரவில் அந்தத் தாய் ஒரு சொல்லும் பேசாமல் அவனுடைய கைலியை நான்காக மடித்து, பிரித்து, மறுபடியும் மடிப்பாள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது எனக்கு மூச்சு அடைத்தது. படப்பிடிப்பில் அதை எடுத்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு அழ வைத்தார்கள். யாரிடம் போய்க் கேட்க முடிந்தது? எழுத்தாளருக்குப் பணம் கொடுத்தாயிற்று என்றார்கள். அது இன்னும் என் மனத்தில் ஆறவில்லை, உன் மனத்திலும் ஆறியிருக்காது. இன்று உனக்கு அந்த நாற்காலியையே தருகிறார்கள், நீ வேண்டாம் என்கிறாய்!

உன் மாமியாரின் உடல்நிலையை நான் மறந்து எழுதவில்லை. அந்தப் பக்கத்தை ரைம்ஸும் மூடி மறைத்ததில்லை. 2014-இல் தாம் படித்த டார்ட்மவுத்தின் பட்டமளிப்பு விழாவில், ஓரிடத்தில் நான் வெற்றி பெறுவதை நீங்கள் பார்க்கும்போது வேறோரிடத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள், என்ற கருத்தை வெளிப்படையாகவே பேசினார். அந்த மேடைக்கு வர அவர் இசைந்ததே பெரிய செய்தி. அதற்கு முந்தைய ஆண்டு, நன்றி நவிலும் நாளன்று சமைத்துக்கொண்டிருந்தபோது, நீ எதற்குமே சரி என்று சொல்வதில்லை என்று அவருடைய அக்கா சொல்லியிருக்கிறார். அந்தச் சொல் தைத்து, தம்மை அச்சுறுத்தும் எல்லாவற்றுக்கும் ஓராண்டு சரி சொல்வது என்று முடிவெடுத்தார். உனக்கு அந்த அக்காவாக இருக்க நான் தயார், மல்லிகா.

எல்லாவற்றையும் நீயே சுமக்க வேண்டும் என்பதும் இல்லை. அவர் எழுத்தாளர் குழுவை வைத்தே எழுதினார். பின்னர் கிரேஸ் அனாட்டமியின் அன்றாடப் பொறுப்பைத் தாம் நம்பியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, 2017-இல் நெட்பிளிக்ஸுடன் ஒப்பந்தம் செய்தார். 2020 கிறிஸ்துமஸ் நாளில் அங்கே வந்த பிரிட்ஜர்டன் தொடர் அவருடைய ஷோண்டாலேண்ட் நிறுவனத்தின் தயாரிப்புதான். அதை உருவாக்கியவர் வேறொருவர்.

ஆகவே அவர்களிடம் மூன்றைக் கேள். நடிகர் தேர்வில் உன் சம்மதமில்லாமல் யாரையும் போடக்கூடாது; படத்தொகுப்பின் கடைசி வடிவத்தை நீ பார்த்து ஒப்ப வேண்டும்; உனக்குத் துணையாக இரண்டு எழுத்தாளர்களுக்குச் சம்பளம் ஒதுக்க வேண்டும். வரவுசெலவுக் கணக்கை நினைத்துப் பயப்படாதே. நம் கோவில் திருவிழாக் கணக்கை ஒரு ரிங்கிட் பிசகாமல் முடித்தவள் நீ. கூட்டங்களுக்கு வரும்போது செந்தூலில் நம் வீட்டிலேயே தங்கிக்கொள், முன்னறை காலியாகத்தான் இருக்கிறது. மாமியாரைப் பார்த்துக்கொள்ள அந்த நாட்களில் வருவதாகச் சரோஜா அக்கா தாமாகவே சொன்னார். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு நகலை எனக்கு அனுப்பு. தம்பி படித்துப் பார்த்து எதைத் திருத்தச் சொல்லலாம் என்று எழுதுவான்.

அன்புடன்,
கமலா