மரண அறிவித்தலில் இடம் கிடைக்காத ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கம் பற்றி ஒரு சிறு கோரிக்கை வைக்கவே இதை எழுதுகிறேன். அதற்கு முதலில் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு அம்மா காலமானபோது அறிவித்தல் கொடுக்க வந்தோம். கருமபீடத்தில் தந்த படிவத்தில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. பிறப்பிடம், வதிவிடம், இன்னாரின் அன்பு மகள், இன்னாரின் பாசமிகு மனைவி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சகோதரர்கள், மைத்துனர்கள் என்று பட்டியல் நீண்டது. வேலைக்கு மட்டும் இடமில்லை. நான் ஓரத்தில், 'தேயிலைத் தரகு நிறுவனமொன்றின் இளைப்பாறிய கற்றலொக் பிரிவு மேற்பார்வையாளர்' என்று எழுதினேன். கற்றலொக் என்றால் ஏலத்துக்கு வரும் தேயிலையின் விவரப் பட்டியல். கூட வந்த பெரியப்பா பேனாவை வாங்கி அதை வெட்டிவிட்டார். "இதென்ன பிள்ளை, பொம்பிளையளுக்கு உத்தியோகம் போடுறதே?" என்றார். வெட்டிய இடத்துக்கு மைத்துனர்மார் மூவரின் பெயர் வந்தது. மறுநாள் அதே பக்கத்தில் ஓர் 'இளைப்பாறிய தபாலதிபர்', ஒரு 'முன்னாள் புகையிரத நிலைய அதிபர்'. இருவரும் ஆண்கள்.

அம்மா எழுபதுகளின் தொடக்கத்தில் கொழும்புக் கோட்டையில் ஒரு தரகு நிறுவனத்தில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்தவர். சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய 1956 சட்டத்துக்குப் பிறகு அரசாங்க உத்தியோகத்துக்குச் சிங்களத் தேர்ச்சி வேண்டும் என்றாகிவிட்டது. அதனால் ஆங்கிலமும் சுருக்கெழுத்தும் படித்துத் தனியார் கொம்பனிகளில் சேர்ந்த தமிழ்ப் பெண்களில் அவரும் ஒருவர். கொழும்புத் தேயிலை ஏலம் 1883 இல் தொடங்கியது. வாராவாரம் நடக்கும் ஏலத்துக்கு முன் எந்தத் தோட்டத்துத் தேயிலை, என்ன தரம், எத்தனை பெட்டி, எவ்வளவு நிறை என்று ஒரு கற்றலொக் போக வேண்டும். அதில் ஓர் இலக்கம் பிசகினால் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையில் வழக்குத்தான். அம்மாவின் உத்தியோகம் அந்த இலக்கங்கள் பிசகாமல் பார்ப்பது.

அப்போது கணினி இல்லை. ஸ்டென்சில் தாளில் தட்டெழுதி, ரோனியோ என்ற பிரதியெடுக்கும் பொறியில் ஓட்டுவார்கள். ஓர் எழுத்துப் பிழைத்தால் சிவப்புத் திருத்த மையைச் சின்னத் தூரிகையால் தடவி, காயும்வரை ஊதி, அதே இடத்தில் மீண்டும் அடிக்க வேண்டும். அந்தச் சிவப்பு அம்மாவின் நகத்தில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் அதை நகப்பூச்சு என்று நினைத்து, 'கொழும்புக்குப் போய் நல்லா மாறிப்போனா' என்று கதைத்தார்களாம். அம்மா திருத்தப் போகவில்லை. "நினைக்கட்டும், வடிவாத்தானே இருக்கு" என்பார்.

திருமணத்தோடு வேலையை விடும் பெண்கள் தங்கள் ஊழியர் சேமலாப நிதியை அப்போதே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை உண்டு. அப்பாவின் வீட்டார் அதை நன்றாக அறிந்து வைத்திருந்தார்கள். அந்தக் காசில் என்ன வாங்கலாம் என்றுகூடப் பேசியாயிற்றாம். அம்மா எடுக்கவில்லை, வேலையையும் விடவில்லை. நான் மூன்றாவது பிள்ளை. 2018 இல் சட்டம் திருத்தப்படும்வரை மூன்றாவது பிள்ளைக்குப் பிரசவ லீவு 42 நாள்தான், முதல் இரண்டுக்கும் கிடைத்த 84 இல் பாதி. 'உன்னைப் பாதி லீவில் வளர்த்தது' என்று அண்ணன் இன்றும் பகிடி பண்ணுவான். 83 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, கூட வேலைசெய்த சிங்கள அக்கா ஒருவர் அம்மாவைத் தன் வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். சொந்தக்காரர்கள் பலர் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். அம்மா நிலைமை அடங்கியதும் திரும்ப அலுவலகம் போனார். அது பற்றி அவர் அதிகம் பேசியதில்லை, அதனால் நானும் நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பாஸ்போட்டுக்கு, விசாவுக்கு, மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு என்று வருகிறவர்கள் எங்கள் விறாந்தையில்தான் பாய் விரிப்பார்கள். வந்தவர்களைப் பொலிஸில் பதிய வேண்டும். அம்மா வேலைக்குப் போகும் அவசரத்திலும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், படிவத்தைத் தானே நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் இரவோடிரவாக பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பியபோது, உயர் நீதிமன்றம் தடுக்கும்வரை எங்கள் விறாந்தையில் இருந்தவர்கள் எவரும் தூங்கவில்லை. அம்மா விடியவிடியத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் ஒரு சின்னத் தட்டெழுத்துப் பொறி இருக்கும். தூதரகத்துக்கு ஸ்பொன்சர் கடிதம், வேலைக்கு விண்ணப்பம் என்று ஒழுங்கை முழுக்க அதில்தான் அடித்தது. காசு வாங்க மாட்டார். "தாளை மட்டும் நீங்கள் கொண்டு வாங்கோ" என்பார்.

இதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று. புறக்கோட்டைத் துணிக்கடையொன்றில் வேலைசெய்த மலையகப் பிள்ளை ஒரு நாள் ஏதோ கடிதம் அடிப்பிக்க வந்தாள். முகவரி கேட்க, தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். அம்மாவுக்கு ஒரே சந்தோசம். ஒரு தோட்டத்தையும் நேரில் கண்டதில்லை, ஆனால் நூற்றுக்கணக்கான தோட்டப் பெயர்கள் தலைகீழ்ப் பாடம். "உங்கட தோட்டத்து பி.ஓ.பி.எப்.புக்குப் போன கிழமையும் நல்ல விலை பிள்ளை" என்றார். அது ஒரு தேயிலைத் தரத்தின் பெயர். அவள் சிரித்தாள். "வெல எல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க. எங்கம்மா கொழுந்து நிறுக்கிறப்ப எத்தனை கிலோ கழிச்சாங்கன்னுதான் தெரியும்."

அம்மா பொறியிலிருந்து கையை எடுத்துவிட்டார். தன் வாழ்நாளில் ஒரு கிலோ பிசகவிடாதவருக்கு, நிறை அங்கேயே கழிபடுகிறது என்பது புதுச் செய்தி. அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அவளை வரச்சொல்லித் தட்டெழுத்து பழக்கினார், பிறகு ஆங்கிலம். ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த சேமலாப நிதியில் ஒரு பங்கு, எங்களைக் கேட்காமலே, அவளுடைய தங்கையின் படிப்புக்குப் போனது. அண்ணனுக்கு அதில் மனத்தாங்கல் உண்டு, மறைப்பதற்கில்லை. செத்த வீட்டுக்கு அக்கா தங்கை இருவரும் ஹற்றனிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மைத்துனர்மார் மூவரில் ஒருவர்தான் வந்தார்.

2020 இல் ஏலம் இணையத்துக்கு மாறியதைச் செய்தியில் பார்த்ததும் அம்மா கேட்ட முதற் கேள்வி, "அப்ப கற்றலொக்கை ஆர் சரிபார்க்கிறது?"

இப்படியொரு ஆளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் இருப்பது, அவர் யார்யாருக்கு என்ன உறவு என்பது மட்டும். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. ஒரு வாரத்துப் பக்கங்களை எடுத்து வைத்துப் பாருங்கள். தாதியாகவும் வங்கியிலும் தந்தி அலுவலகத்திலும் உழைத்த பெண்கள் எத்தனை பேர் அங்கே வெறும் மைத்துனிகளாகக் கிடக்கிறார்கள் என்பது தெரியும். நேசம் சரவணமுத்து என்ற பெண்ணை 1932 இலேயே அரசாங்க சபைக்கு, அதாவது அன்றைய சட்டசபைக்கு, அனுப்பிய ஊர் இது. பெண்ணுக்கு உத்தியோகம் போடுவதில் இன்னும் என்ன கூச்சம்? பெரியப்பாமாரை உங்களால் மாற்ற முடியாது, சரி. படிவத்தை மாற்றலாம். 'வதிவிடம்' என்பதற்குக் கீழே 'தொழில்' என்று ஒரு கோடு, ஆண் பெண் இருவருக்கும். கோடு இருந்தால் நிரப்பாமல் விட நம் ஆட்களுக்கு மனம் வராது.

அடுத்த மாதம் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலியைக் கொடுக்க வருவேன். அந்த வரி அதில் இருக்கும். இடம் போதாவிட்டால் தயவுசெய்து மைத்துனர்மாரின் பெயர்களைக் குறையுங்கள். வீட்டில் நான் சமாளித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு 6.