கரண்ட் இருக்கும்போதே எழுதுகிறேன்

யாங்கோன்,
சனிக்கிழமை ராத்திரி

அன்பு மாப்ளே,

நீ கேட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கடையில் ஒரே இன்வெர்ட்டர் வேலை. டிவி ரிப்பேருக்கு வருகிறவர்களைவிட பேட்டரி மாற்ற வருகிறவர்கள்தான் அதிகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது திண்ணையில் உட்கார்ந்தபடியே என் நரைமுடியை எண்ணிச் சொல்கிறாள். தைப்பூசத்துக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயா?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உன் பையன் கேம் ஆடச் சாதாரண பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) போதுமா, இல்லை 2024 நவம்பரில் 699 டாலருக்கு வந்ததே அந்த ப்ரோவா?

இருபது வருஷமாக "படத்தைப் பாருங்க, படத்தைப் பாருங்க" என்று சொல்லியே டிவி விற்ற வாய் இது. அதனால் அக்கா மகன் போன வருஷம் பிஎஸ்5 வாங்கி வந்து மாட்டியபோது, படத்தரத்துக்கு முதலிடம் தரும் ஃபிடிலிட்டி மோடை நானேதான் போட்டுக் கொடுத்தேன். ஸ்பைடர்மேன் மைல்ஸ் மொராலிஸ் கேம். பனி கொட்டும் நியூயார்க். ஒரு கட்டடத்தின் கண்ணாடியில் எதிர்க் கட்டடம் அப்படியே தெரிகிறது. வெளிச்சம் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று கணக்குப் போடும் ரே ட்ரேசிங் செய்கிற வேலை. அக்கா டம்ளரோடு வந்து நின்று, "சினிமா மாதிரியே இருக்கேடா" என்றாள். பையன் மட்டும் முகத்தைச் சுளித்தான். "மாமா, கையில கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கு."

மெனுவுக்குப் போய், வேகத்துக்கு முதலிடம் தரும் பெர்ஃபார்மன்ஸ் மோடுக்கு மாற்றினான். கண்ணாடியில் இருந்த கட்டடம் பொசுக்கென்று மங்கிப்போனது. இதற்கா இவ்வளவு காசு என்று எனக்கு வயிற்றெரிச்சல். அப்புறம் கண்ட்ரோலரை என் கையில் திணித்தான். இரண்டு தாவல்தான் தாவினேன், மாப்ளே. அக்காவுக்குத் தெரிந்த படம் வேறு, என் விரலுக்குத் தெரிந்தது வேறு.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. ஃபிடிலிட்டியில் நொடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படம்; பெர்ஃபார்மன்ஸில் 60. 30 என்றால் ஒரு படம் 33 மில்லிசெகண்ட் நிற்கிறது. 60 என்றால் 17கூட இல்லை. நீ பட்டனை அமுக்கியது திரைக்கு வருவதற்கு அடுத்த படம் வரவேண்டும். சினிமா 24 ஃப்ரேமில் ஓடுகிறது, யாரும் குறை சொல்வதில்லை. ஏனென்றால் தியேட்டரில் யார் கையிலும் பட்டன் இல்லை. ப்ரோவை அறிமுகப்படுத்தியபோது பிஎஸ்5இன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னியே சொன்னார்: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் முக்கால்வாசி நேரம் ஆட்டக்காரர்கள் பெர்ஃபார்மன்ஸைத்தான் எடுக்கிறார்களாம். அந்த மீதிக் கால்வாசியில் நம் அக்காக்கள் எத்தனை பேரோ.

காளி கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் மணிக் கணக்குக்கு விடுவார்களே, அந்தக் கேசட் கேம் ஞாபகம் இருக்கிறதா? மேரியோ தாவுவதற்கு முன்னாலேயே உன் தோள் தாவும். அந்த டப்பா வரைந்த படத்தில் 256க்கு 240, மொத்தம் 61,440 புள்ளிதான். ஆனால் நொடிக்கு 60 படம். இன்றைக்கு 4கே என்றால் 82,94,400 புள்ளி. கால்குலேட்டரில் போட்டுப் பார், சரியாக 135 மடங்கு, மீதியே வராது. இவ்வளவையும் நிரப்புவதற்காக, அந்தச் சந்துக் கடையில் ஓடியதில் பாதி வேகத்துக்கு இறங்கி வருகிறார்கள். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

அந்த 4கேகூட பெரும்பாலும் முழு 4கே இல்லை. உள்ளே குறைந்த புள்ளியில் வரைந்து, பிறகு பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். 43 இஞ்ச் டிவியை எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால், கால்வாசிப் புள்ளியே உள்ள 1080பிக்கும் 4கேக்கும் நல்ல கண்ணுக்கே வித்தியாசம் பிடிபடாது. அம்மாவின் புதுக் கண்ணுக்கும்தான், சோதித்துப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று கேள். போன மாதம் ஒருவர் ஓஎல்இடி டிவியை, அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் டிவியை, தூக்கிக்கொண்டு வந்தார். "கேம் போட்டா விட்டு விட்டு ஓடுது, பழைய டிவியில இப்படி இல்லை" என்றார். போர்டை எல்லாம் கழற்றிப் பார்த்தேன், ஒரு கோளாறும் இல்லை. அவருடைய கேம் 30இல் ஓடியது, அவ்வளவுதான். பழைய எல்சிடியில் புள்ளி மெதுவாக மாறும், ஒரு படம் அடுத்த படத்தின் மேல் லேசாகப் பூசிக்கொள்ளும், கண் ஏமாந்துவிடும். ஓஎல்இடி சட்டென்று மாறி, அடுத்த படம் வரும்வரை அசையாமல் நிற்கும். நல்ல டிவி வாங்கியதால் வந்த வினை. மோடை மாற்றிக் கொடுத்தேன், கூலி வாங்க மனசு வரவில்லை. (பாதி வாங்கினேன்.)

உன் டிவி 120 ஹெர்ட்ஸ், நொடிக்கு 120 தடவை படம் மாற்றும் என்றாயே? அப்படியானால் சில கேம்களில் 40 ஃப்ரேம் என்று ஒரு மோடு இருக்கும், ராட்செட் அண்ட் கிளாங்க்கில் பார்த்தேன். ஒரு படத்துக்கு 25 மில்லிசெகண்ட்; நேரக் கணக்கில் பார்த்தால் 30க்கும் 60க்கும் நேர் நடு. படமும் கெடாது, கையும் கனக்காது. டிவியில் கேம் மோடு போட மறந்துவிடாதே. இல்லாவிட்டால் டிவி தன் பங்குக்கு இடையில் படம் செருகி, இன்னும் தாமதப்படுத்தும்.

ப்ரோவில் கிராபிக்ஸ் பக்கம்தான் பலம் கூடியிருக்கிறது. கேமின் மற்றக் கணக்குகளைப் பார்க்கும் மூளையான சிபியு கிட்டத்தட்ட பழையதுதான். படம் வரைகிற பாரத்தால் 30இல் தடுமாறும் கேம் அதில் எழுந்து நிற்கும். கூட்டமும் போக்குவரத்துமாக சிபியுவைப் போட்டு வாட்டுகிற கேமுக்கு அது பெரிய மருந்து இல்லை. டிஸ்க் டிரைவையும் தனியாக வாங்க வேண்டும். உன் பையன் நண்பர்களோடு டிஸ்க் மாற்றி மாற்றி ஆடுகிறவன் என்றாயே. சாதாரணமானதை டிஸ்க் டிரைவோடு வாங்கு, மிச்சக் காசில் இரண்டாவது கண்ட்ரோலர் எடு. அடம்பிடித்தால் ஒருநாள் இரண்டு மோடையும் மாற்றி மாற்றிப் போட்டு, நீயும் பிடித்துப் பார்.

இங்கே எங்கள் கவலையே வேறு. பிஎஸ்5 ஆடும்போது 200 வாட் பக்கம் இழுக்கிறது, டிவி தனி. இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரம் தாங்கினால் பெரிது. கரண்ட் வந்ததும் தெருவே பர்மியத்தில் "மீ லா பீ!" என்று கத்தும், அக்கா மகன் சோற்றுக் கையோடு ஓடுவான். 100 ஜிபி கேம் டவுன்லோடு ஆவதற்குள் நான்கு தடவை கரண்ட் போய்விடுகிறது. அதனால் வரும்போது, உன் பையன் ஆடி முடித்த டிஸ்க் ஏதாவது இருந்தால் இரண்டு எடுத்து வா. அம்மாவுக்குக் கோடாலித் தைலமும்.

உன்,
மொகல் தெரு மெக்கானிக்