தகரத்துக்கு ஒட்டகம் எழுதுவது

டேய் தகரம்,

சுகம்தானே? தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாச் சொல்லு. உன் கடைசி மெசேஜுக்குப் பதில் போடாம ஏழு மாசம். நீ திட்டுறது வத்தளையிலிருந்து தலவாக்கலை வரைக்கும் கேக்குது. குத்தம் என்மேலதான், மேல போவோம்.

விஷயம் என்னன்னா, நான் ஓடுறேன்.

சிரிச்சு முடிச்சிட்டியா? பள்ளிக்கூட ஓட்டத்துல நான் ஏறின கொழுந்து லொறி ஞாபகம் வந்திருக்குமே. வரட்டும். இந்தத் தடவை லொறி இல்ல, சொந்தக் கால்.

ஜனவரியில பாஸ்டிங் சீனி 168. டொக்டர் குளிசை எழுதிக் குடுத்துட்டு, "மாஸ்டர், நடக்கிறீங்களா?"ன்னு கேட்டாரு. பள்ளிக்கூடத்துல நாள் முழுக்க நிக்கிறேன்னு சொன்னேன். நிக்கிறது நடக்கிறது ஆகாதுன்னாரு. கணக்கு வாத்தியாருக்கே கணக்கு! மறுநாள் விடிய எழும்பி ஃபெக்டரி ரோட்டுல ஓடினேன். இருநூறு மீற்றர். அதுக்கு மேல மூச்சுமில்ல, சுவாரசியமுமில்ல. மூணாம் நாள் குளிரைச் சாக்கு வெச்சுப் போர்த்திக்கிட்டுப் படுத்துட்டேன்.

அப்பதான் மகள் என் போன்ல ஒரு சாமானை ஏத்திவிட்டா. 'ஸொம்பீஸ், ரன்'னு பேரு. லண்டன்காரங்க செஞ்சது, ஒரு நாவலாசிரியை கூட இருந்து கதை எழுதியிருக்காங்க. வந்தது 2012ல. மேல் கொத்மலை மின்சாரத் திட்டம் ஓடத் தொடங்கி நம்ம சென்கிளயார் அருவி மெலிஞ்ச அதே வருஷம். பதினாலு வருஷப் பழைய விளையாட்டாம், மகள் நக்கலாச் சொன்னா. எனக்கென்ன, நானும் பழசுதானே.

செத்தவனெல்லாம் எழும்பி நடக்கிற உலகம். நீ போற ஹெலிகொப்டரைச் சுட்டு விழுத்திடுறானுக. உயிர் தப்பி ஏபல்னு ஒரு ஊருக்கு ஓடிப் போறே. அங்க உனக்குப் பேர் கிடையாது, 'ரன்னர் ஃபைவ்', அதாவது அஞ்சாம் நம்பர் ஓட்டக்காரன். வெளிய போய் மருந்து, பேட்டரி, டின் சாப்பாடுன்னு பொறுக்கிட்டு வந்தாத்தான் ஊர் பிழைக்கும். கதையெல்லாம் காதுக்குள்ளதான், போனைப் பாக்கவே தேவையில்ல. சேம்னு ஒரு பையன் ரேடியோவுல பேசிக்கிட்டே வருவான். இங்கிலீஷ் கொஞ்சம் வேகம்தான், ஆனா நம்ம இங்கிலீஷ் சேர் பேசினதை விட நல்லா வெளங்குது. கதைத் துண்டுக்கு நடுவுல நம்ம போன்ல இருக்கிற பாட்டு ஓடும். நான் போட்டு வெச்சிருக்கிறது போன மாசி நம்ம தோட்டத்துக் காமன் கூத்துல ரெக்கோட் பண்ணின தப்பு மேளம். வெள்ளைக்காரப் பேய்க்கு நம்ம தப்பு! ஒரு நாள் கேட்டுப் பாரு, உனக்கே கால் நிக்காது.

நான் விழுந்தது தொரத்தல்லதான். திடீர்னு காதுக்குள்ள கரகரன்னு மூச்சு, முனகல், ஒரு குரல் எச்சரிக்கும். ஒரு நிமிஷத்துக்கு நீ போற வேகத்தை விட 20 சதவீதம் கூட்டினாத் தப்பிச்சே. இல்லன்னா பொறுக்கின சாமான்ல சிலதைப் போட்டுட்டு ஓடணும். முதல் நாள் நான் போட்ட ஓட்டத்தைப் பாத்து ஃபெக்டரி வாச்சர் விசில் ஊதிட்டாரு. பிடிவாதமா ஓடினேன்டா. வீட்டுக்கு வந்து பாத்தா ஒண்டரைக் கிலோமீற்றர். ரெண்டு வாரத்துல மூணு. அடுத்த கதை என்னன்னு தெரிஞ்சுக்கிறதுக்காகவே அலாரம் அடிக்க முந்தி முழிப்பு வருது. என்னை உனக்குத் தெரியுமே, முகம் கழுவுறதுக்கே அம்மா செம்போட நிக்கணும்.

ஆனா இதைச் செஞ்சவனுக்கு மலை தெரியாது. நம்ம முனியாண்டி கோயில் ஏத்தம் இருக்கே, அதுல நான் கிலோமீற்றருக்கு 9 நிமிஷம். 20 சதவீதம் கூட்டுறதுன்னா ஏழரை நிமிஷ வேகம். அந்த ஏத்தத்துல ஜீப்பே ரெண்டாங் கியர்ல அழுதுக்கிட்டுப் போகும். நாலு நாள் தொடர்ந்து பேய்கிட்ட மாட்டி, மருந்தையும் பேட்டரியையும் பறிகொடுத்தேன். இந்த லட்சணத்துல ஒரு தடவை வரைபடத்துல நான் நீர்த்தேக்கத்து நடுவுல 400 மீற்றர் ஓடியிருக்கிறதாக் காட்டிச்சு. மகள் ஜிபிஎஸ்ஸை விட்டுட்டு அடி எண்ணுற முறைக்கு மாத்திக் குடுத்தா.

ஒரு நாள் கோபத்தோட வந்து வாசல்ல உக்காந்து, "மேட்டுல ஓடினாலும் அதே கணக்குத்தானா, அநியாயம்"னு புலம்பிக்கிட்டு இருந்தேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தாங்க. என்னடா கணக்குன்னு கேட்டாங்க. பொறுக்கிறது, தொரத்துறது, பறிபோறது எல்லாத்தையும் சொன்னேன். அம்மா சொன்னதை அப்படியே எழுதுறேன்:

"இதுக்குப் போய் போன் எதுக்கு? மலையில எடுக்கிற கொழுந்து பூரா நிறுக்கிற மடுவத்துக்கு வந்ததும் கொறையும். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு. பதினெட்டு கிலோ வரலைன்னா அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். மட்டத்து மலையும் அதே பதினெட்டு, செங்குத்து மலையும் அதே பதினெட்டு. நீ இப்பத்தான் கண்டுபிடிக்கிற?"

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு மச்சான். இருபத்திரெண்டு வருஷம் சதவீதம் படிப்பிச்சவன் நான். இதை எப்படி யோசிக்காம விட்டேன்? அம்மா 38 வருஷம் மலை ஏறினாங்க. 'பேர்'ங்கிற சொல்லைப் பால்குடியிலிருந்து கேட்டு வளந்தவங்க நாம. உங்கம்மா அரைப்பேரோட வந்த அன்னைக்கெல்லாம் உங்க காம்பராவுல அடுப்புக்கிட்ட எப்படி சத்தமே இருக்காதுன்னு நமக்குத் தெரியும். நான் இப்ப அதே கணக்கைக் காசு குடுத்து வாங்கின சப்பாத்தைப் போட்டுக்கிட்டு, பொழுதுபோக்கா செய்யிறேன். எனக்கு வெட்கமா சிரிப்பான்னு சொல்லத் தெரியல.

அதோட போகல. நான் ஓடுற நேரம்தான் பொம்பளைங்க, காலையில வேலை பிரிச்சுக் குடுக்கிற பிரட்டுக்களத்துக்குப் போற நேரம். தலையில கயித்தை மாட்டி, இடுப்புல படங்கைச் சுத்திக்கிட்டு வரிசையா மேல ஏறுவாங்க. நான் வேர்த்து விறுவிறுத்து அவங்களைக் கடந்து ஓடணும். முதல் வாரமே மாங்கா அத்தை மகள், "மாஸ்டர், யாரு தொரத்துறா? கங்காணியா?"ன்னு கேட்டு மொத்த வரிசையும் சிரிச்சுது. அதுக்கப்புறம் பிரட்டுக்களம் வந்தா நடக்கத் தொடங்கிட்டேன். நாள் முழுக்க மலை ஏறப் போறவங்க முன்னாடி சும்மா ஓடிக் காட்டுறது என்னவோ போல இருந்துச்சு. செட்டிங்ஸ்ல போய்த் தொரத்தலையே நிப்பாட்டி வெச்சேன். அப்படியும் வழி இருக்கு, கதை மட்டும் ஓடும்.

அம்மாவுக்கு வாசல்லயிருந்து அந்தத் திருப்பம் தெரியும். ஒரு வாரம் பாத்துட்டு, "ஏன் அந்த எடத்துல மட்டும் கால் நொண்டுது?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். "ஓடுடா. காலையில அவளுக சிரிக்கிறதுக்கு வேற என்ன இருக்கு"ன்னுட்டு ரொட்டியைத் திருப்பிப் போடப் போயிட்டாங்க.

திரும்பத் தொரத்தலைப் போட்டுட்டேன். இப்ப அத்தை மகளே கை தட்டி, "வந்துருச்சு, வந்துருச்சு"ன்னு கத்துறா. பேய் வராத நாள்லயும் கத்துறா, அதுதான் தொல்லை.

இன்னொண்ணு, யார்கிட்டயும் சொல்லிடாதே. நான் கள்ளம் பண்றேன். வேகத்தை நம்ம வேகத்தோடதானே ஒப்பிடுது? அதனால ஏத்தம் வர முந்தியே ஆமை மாதிரி நடந்துக்குவேன். அப்புறம் 20 சதவீதம் கூட்டுறது பெரிய காரியமில்ல. அம்மாகிட்ட இதைப் பெருமையாச் சொல்லப் போய், ஈரக் கொழுந்துல இன்னும் தண்ணி தெளிச்சவங்க, சாக்கு அடியில கல்லு போட்டவங்கன்னு ஒரு பட்டியலே கிடைச்சுது. அதுல உன் சொந்தக்காரங்க ரெண்டு பேர் இருக்காங்க. நேர்ல சொல்றேன்.

சீனி இப்ப 131. குளிசையும் இருக்கு, மூணு ரொட்டி ஒண்ணாயிடுச்சு, ஓட்டமும் இருக்கு. எது எவ்வளவு குறைச்சுதுன்னு பிரிச்சுச் சொல்ல என்னால ஏலாது. நீயும் சோதிச்சுப் பாரு. உங்கப்பாவுக்கும் இருந்துச்சு, கடைசி வரைக்கும் காலைக் காட்டாமலே இருந்தாரு. இதை விளையாட்டாச் சொல்லல. இந்தக் கிழமையே போ. போயிட்டு நம்பரை எனக்கு அனுப்பு.

மத்தபடி ஊர்ல மழை. அட்டைப்பூச்சி சப்பாத்துக்குள்ளயே குடியிருக்கு, உப்பும் சவுக்காரமும் தடவிக்கிட்டுத்தான் கெளம்புறேன். நம்ம பீ.டி. சேர் ரிட்டயர் ஆகி டவுன்ல கடை போட்டிருக்காரு. நான் ஓடுறேன்னு கேள்விப்பட்டு, "எந்த லொறியில?"ன்னு கேட்டாரு. முப்பது வருஷமா மனுஷன் மறக்கல.

பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் வருவேன்னு சொன்னியே, வா. சப்பாத்தோட வா. வரும்போது புறக்கோட்டையில ஒரு இயர்போன் வாங்கிட்டு வா, காசு இங்க தாரேன். என்னோடது மழையில நனைஞ்சு இடது பக்கம் செத்துப்போச்சு. இப்ப பேயெல்லாம் வலது பக்கத்துலயிருந்து மட்டும்தான் வருது. நானும் ஓடி ஓடி இடது பக்கத் தண்ணிக் கானுக்குள்ள போய் விழுறேன்.

இப்படிக்கு,
ஒட்டகம்