கேரியருக்கு எப்போது மாலை கழற்றுவீர்கள்?

நெல்லை ஜங்ஷன், வண்ணார்பேட்டை, பாளை வட்டாரத்து வாடகைக் கார் ஓட்டுநர் அண்ணாச்சிமார்களுக்கும் தம்பிமார்களுக்கும்,

வணக்கம். போன ஆடியில் பின்பக்கம் வெள்ளையாக ஒரு பெட்டியை ஒட்டிக்கொண்டு உங்கள் ஸ்டாண்டைத் தாண்டிப் போன பழைய மாருதி 800 ஞாபகம் இருக்கும். "என்ன சார்வாள், காருக்கு வால் முளைச்சிருக்கு, முட்டை கிட்டை போடுமா?" என்று ஒரு தம்பி கேட்க, எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அந்த வால் இப்போது என் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கூரையாக இருக்கிறது. ஆனால் அதைச் செய்யப் போய்த் தெரிந்துகொண்ட ஒன்று என் வண்டியை விட உங்கள் வண்டிகளுக்குத்தான் அதிகம் பொருந்தும். மூட்டை ஏற்ற வண்டிக் கூரை மேல் மாட்டுகிறோமே, அந்தக் கேரியர் சங்கதிதான் அது. அதற்குத்தான் இந்த மடல்.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். கை சும்மா இருக்காது. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியதும் மைலேஜைக் கூட்ட ஏதாவது செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன். இன்ஜினைத் தொடவில்லை. காற்றைப் பிடித்துக்கொண்டேன். நம் ஊரில் ஆனி, ஆடியில் காற்றுக்கா பஞ்சம்? ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தானே முப்பந்தலிலும் ராதாபுரம் பக்கமும் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள்.

முதலில் காற்று வண்டி மேல் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். கம்பளி நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை மட்டும் டேப்பால் கூரையிலும் பின் கண்ணாடியிலும் வரிசையாக ஒட்டினேன். பணகுடி ரோட்டில் தங்கச்சி மகன் பைக்கில் பின்னால் வர, அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கூட்டாளி செல்போனில் படம் பிடித்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால், கூரை மேல் ஒட்டிய நூலெல்லாம் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை மாதிரி கிடக்கிறது. பின் கண்ணாடி நூல்களோ சுடலைமாடன் கொடையில் சாமி வந்தது போல் ஆடுகின்றன. சிலது முன்பக்கமாகவே மடங்கி அடிக்கிறது. டவுன் பஸ் போனதும் பின்னாலேயே வேப்பஞ்சருகும் பேப்பரும் சுழன்றுகொண்டு ஓடுமே, அதே சங்கதிதான். வண்டியை விட்டுப் பிரிந்த காற்று பின்னால் ஒரு வெற்றிடம் மாதிரி ஆக்கி, வண்டியைப் பின்னோக்கி இழுக்கிறது. பஸ்ஸின் பின் கண்ணாடியில் அவ்வளவு புழுதி அப்பிக் கிடப்பதும் இதனால்தான்.

இதற்கு மருந்து மீன் உடம்பு. முன்னால் தடித்து, வால் பக்கம் மெல்ல ஒடுங்க வேண்டும். அவ்வளவு நீள வாலுக்கு ரோட்டில் இடம் ஏது? 1930களிலேயே ஜெர்மனிக்காரர் வுனிபால்ட் காம், ஒடுங்கிக்கொண்டு போகிற வாலைப் பாதியில் வெட்டிவிட்டாலும் பெரும்பகுதிப் பலன் கிடைக்கும் என்று காட்டினார். அதை நம்பித்தான் விளம்பரப் பலகைக்குப் போடுகிற பிளாஸ்டிக் ஷீட்டில் என் வாலைக் கட்டினேன். கொஞ்சம் பலனும் தெரிந்தது. ஆனால் பின் விளக்கும் நம்பர் பிளேட்டும் பாதி மறைந்தன. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. ஆய்வாளர் பிடிப்பதற்கு முன்பே நானே கழற்றிவிட்டேன். நீங்கள் யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

சக்கரத்தை மூட எவர்சில்வர் தாம்பாளம் போட்ட கதையும் உண்டு. மூன்றடைப்பு தாண்டியதும் ஒன்று கழன்று ரோட்டில் தனியாக உருண்டு, ஓரத்து உடை மரத்தில் போய் முட்டி நின்றது. பின்னால் இரு சக்கர வண்டி எதுவும் வரவில்லை. அன்றோடு அதை விட்டேன். ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை வைத்து மூடுவது குளிர் தேசத்து வித்தை. நம் வெயிலில் பாளை சிக்னலில் நிற்கும்போதே வெப்ப முள் ஏறிவிட்டது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் தலைக்கு மேல் இருந்த கேரியர் என் கண்ணில் பட்டது. மகள் வீடு மாறியபோது மாட்டியது. கழற்றினேன். ஒரே பெட்ரோல் பங்க்கில் நாஸில் தானாக நிற்கும் வரை நிரப்பி, காவல்கிணறு வரை போய்த் திரும்பி, மறுபடி நிரப்பிப் பார்த்தேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே கூடியது. இது என் வண்டிக் கணக்கு. உங்கள் வண்டிக்குக் கூடும், குறையும். ஆனால் வாலும் தாம்பாளமும் சேர்ந்தும் இவ்வளவு தரவில்லை. செலவு சுழியம்.

ஒல்லிக் கம்பிதானே என்று நினைப்பீர்கள். உருண்டைக் கம்பி காற்றுக்குப் பெரிய எதிரி. அதே தடிமனில் மீன் மாதிரி சீவிய கம்பியை விடப் பத்து மடங்கு வரை காற்றைத் தடுக்கும். அப்படி ஏழெட்டுக் கம்பி உங்கள் தலை மேல். நாங்குநேரி தாண்டி வேகம் எடுத்ததும் 'உய்ய்ய்' என்று ஒரு விசில் கேட்கிறதே, உங்கள் டீசல் போகிற சத்தம் அது.

டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் இடையே ஓடுகிறவர்களுக்கு இதில் பெரிய லாபம் இல்லை. நாற்பதுக்குள் ஓடினால் காற்று ஒரு பொருட்டே இல்லை. நாகர்கோவில், மதுரை என்று நாலு வழிச் சாலையில் ஓடுகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் தடை நாலு மடங்கு. 75இல் போகிறவர் 90க்கு ஏற்றினால் தடை 44 சதவீதம் கூடுகிறது. நாகர்கோவிலுக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அதில் மிச்சமாவது பத்துப் பதினோரு நிமிஷம், ஒரு டீ நேரம். ஆடிக் காற்றில் இன்னும் மோசம். காவல்கிணற்றில் மேற்கே திரும்பியதும் காற்று நேரே முகத்தில் அடிக்கும். வண்டி 70, எதிர்காற்று 30 என்றால் வண்டிக்கு அது 100தான். தடை இரண்டு மடங்கு.

மூட்டை ஏற்றும்போது கேரியர் வேண்டும்தான். குற்றால சீசன், கல்யாணம், சபரிமலை, எல்லாம் சரி. மகர ஜோதி பார்த்து வந்ததும் நீங்கள் மாலையைக் கழற்றிவிடுகிறீர்கள். வண்டி மேல் கேரியர் மட்டும் சித்திரை, வைகாசி என்று விரதத்தைத் தொடர்கிறது. ஸ்டாண்டுச் சுவரில் நாலு கொக்கி அடித்து மாட்டி வையுங்கள். சவாரி வந்தால் பத்து நிமிஷத்தில் ஏற்றிவிடலாம்.

ஸ்பானர் செட்டோடு வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு வண்ணார்பேட்டைக்கு வருகிறேன். யார் வண்டியானாலும் கழற்றித் தருகிறேன், கூலி ஒரு டீ. போல்ட் எல்லாம் துருவேறித்தான் இருக்கும். சனிக்கிழமை ராத்திரியே கொஞ்சம் டீசல் விட்டு ஊற வையுங்கள்.

இப்படிக்கு,
வால் முளைத்த காரின் சொந்தக்காரன்,
பாளையங்கோட்டை