ஆறாவது படி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் பேசியதிலிருந்து அதே நினைப்பு. பக்கத்து வீடுகள் கூடிச் செபிக்கிற அன்பியத்துக்கு உன்னைப் பொறுப்பாளராகப் போட்டுவிட்டார்கள், முப்பது வீட்டில் ஆறு பேர்தான் செபத்துக்கு வருகிறார்கள், வருகிறவர்களும் முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டாய்.

தொண்ணூறுகளில் நம் தெருவில் அன்பியம் தொடங்கியபோது நீ சின்னப் பையன். 1990-இல் ஆசியக் கத்தோலிக்க ஆயர்கள் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடி, பங்கு, அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த மக்கள், சிறு சமூகங்கள் சேர்ந்த ஒரு சமூகமாக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதெல்லாம் நமக்கு அப்போது தெரியாது. புதன்கிழமை சாயங்காலம் ஒரு வீடு, பாய், கட்டன் சாயா. அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவில் லும்கோ என்ற நிலையத்தில் உருவான ஏழு படி நற்செய்திப் பகிர்வைத்தான் நாமும் செய்தோம். வாசகம் வாசித்து, மனதில் பட்ட வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கொஞ்ச நேரம் அமைதி, பிறகு பகிர்வு. ஆறாவது படியில், நாம் என்ன செய்யப் போகிறோம் என்று பேச வேண்டும். இன்று பல இடங்களில் அதைத் தாண்டி நேராகக் கடைசிச் செபத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

அம்மா அந்தப் படியை விடவே மாட்டாள். "மேலத்தெரு பெரியம்மா ரெண்டு வாரமா வரல்ல. யாரு போறது?" என்று கேட்டு, பெயரை நோட்டில் எழுதிவிடுவாள். அன்று நானும் அம்மாவும் போனோம். பெரியம்மா கால் வீங்கிக் கட்டிலில் கிடந்தார், குடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அம்மா கஞ்சி காய்ச்சினாள், நான் குழாயடிக்கு ஓடினேன். அடுத்த புதன், நோட்டில் முதல் கேள்வியே அதுதான். தண்ணீர் எடுத்துக் கொடுக்க முறை போட்டபோது எதிர்வீட்டு இந்துக் குடும்பமும் சேர்ந்துகொண்டது.

இரண்டு பேராக வீடு தேடிப் போவது நாம் கண்டுபிடித்தது இல்லை. 1833-இல் பாரிஸில் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கிய, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இன்றும் அப்படித்தான் போகிறது.

அப்புறம், முப்பது வீடு உனக்கு அதிகம். இரண்டாகப் பிரி. பக்கத்துக் கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் திட்டத்தின் அயல்கூட்டங்களை, அதாவது பக்கத்து வீட்டுக் குழுக்களைப் பார், பத்துப் பேரிலிருந்து இருபது பேர்தான். ஒருத்தர் வராவிட்டால் அந்த இடம் கண்ணில் படும்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கும் போ. சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் அங்கேதான் பேசுவார்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரில் தண்ணீர் ஏறியபோது மூன்று நாள் மாடி வீட்டில்தான் சாப்பிட்டாய், அதுவரை அவர் பெயரே தெரியாது என்றாயே. அவரையும் கூட்டிக்கொண்டு போ.

அம்மாவின் நோட்டை நாளை கூரியரில் போடுகிறேன். பின்னால் பத்துப் பதினைந்து தாள் எழுதாமல் இருக்கிறது. மூன்றாவது வீட்டுத் தாத்தா கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று சொன்னாயே, முதலில் அவரைப் போய்ப் பார். பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அக்கா